வேலை ஓசூரில், வீடு தேன்கனிக்கோட்டையில்: உங்கள் வரி எந்த ஊருக்குப் போகுது?

ஓசூரில் டிவிஎஸ் மோட்டார், அசோக் லேலண்ட், டைட்டன். போச்சம்பள்ளியில் ஓலா எலெக்ட்ரிக். தேன்கனிக்கோட்டை வட்டத்துக்குள்ளேயே, திம்ஜேப்பள்ளியில் ஐபோன் உதிரி பாகங்கள் செய்யும் டாடா எலெக்ட்ரானிக்ஸ். தமிழ்நாட்டில் புதிய ஆலைகள் அதிகம் வந்த பகுதிகளில் கிருஷ்ணகிரி மாவட்டமும் ஒன்று.

ஆலை வந்த எந்த ஊரிலும் ஒரு கேள்வி எழும். "இவ்வளவு கம்பெனி வந்திருக்கு. வரி கோடிக்கணக்கில் போகுது. ஆனா நம்ம தெரு சாக்கடைக்கு மட்டும் ஏன் நிதி இல்லைங்கிறாங்க?"

நியாயமான கேள்விதான். ஆனால் இதற்குள் ஒரு தவறான எண்ணம் ஒளிந்திருக்கிறது. ஆலை எங்கே இருக்கிறதோ அந்த ஊருக்குத்தான் வரி போகும் என்று நாம் நினைக்கிறோம். 2017 ஜூலை 1-ல் ஜிஎஸ்டி வந்த பிறகு அப்படி இல்லை. பெரிய வரிகள் பெரும்பாலும் ஆலையைப் பார்ப்பதில்லை, ஆட்கள் எங்கே வாழ்ந்து செலவழிக்கிறார்கள் என்பதைப் பார்க்கின்றன. சாக்கடை கட்ட வேண்டிய உள்ளாட்சிக்கோ சின்ன வரிகள்தான் கையில் இருக்கின்றன. அந்தச் சின்ன வரிகளும் நியாயமாகப் போடப்படவில்லை. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

ஓசூரில் தயாரிப்பு, பாட்னாவில் வரி

ஒரு கணக்குக்காக வரிக்கு முந்தைய விலை 1 லட்சம் ரூபாய் உள்ள பைக்கை எடுத்துக்கொள்வோம். 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரையுள்ள இருசக்கர வாகனங்களுக்கு ஜிஎஸ்டி 28%-லிருந்து 18% ஆகக் குறைந்தது. ஆக, வரி 18,000 ரூபாய். இதில் பாதி மத்திய அரசுக்கு, பாதி மாநில அரசுக்கு.

எந்த மாநிலத்துக்கு? பைக் ஓசூரில் தயாராகி தமிழ்நாட்டு ஷோரூம் ஒன்றில் விற்றால், 9,000 ரூபாய் தமிழ்நாட்டுக்கு. அதே பைக் பாட்னாவில் விற்றால் அந்த 9,000 பீகாருக்கு. ஜிஎஸ்டி என்பது நுகர்வு நடக்கும் இடத்தில் சேரும் வரி. உற்பத்தி செய்த மாநிலத்துக்கு அதில் பங்கு கிடையாது.

ஏற்றுமதியானால் இன்னும் எளிது. ஏற்றுமதிப் பொருளுக்கு ஜிஎஸ்டியே இல்லை. இது உலகம் முழுக்க இருக்கும் நடைமுறை, தப்பில்லை. ஆனால் இங்கே தயாராகி அமெரிக்கா போகும் ஒரு பொருளின் விற்பனையிலிருந்து தமிழ்நாட்டுக்கு ஜிஎஸ்டி வருவதில்லை என்பது உண்மை.

முன்பு எப்படி இருந்தது? ஜிஎஸ்டிக்கு முன் ஒரு பொருள் மாநிலம் விட்டு மாநிலம் விற்கப்பட்டால் 2% மத்திய விற்பனை வரி உண்டு. பெயரில்தான் 'மத்திய'. அந்தப் பணம் பொருள் கிளம்பிய மாநிலத்துக்கே போனது. தமிழ்நாடு, மகாராஷ்டிரம், குஜராத் போன்ற உற்பத்தி மாநிலங்களுக்கு அது ஒரு வருமானம். ஜிஎஸ்டி வந்ததும் அது போனது. அதனால்தான் முதல் 5 ஆண்டுகளுக்கு, ஆண்டுக்கு 14% வளர்ச்சி என்ற கணக்கில் மாநிலங்களுக்கு இழப்பீடு தரப்பட்டது. 2022 ஜூனுடன் அதுவும் முடிந்தது.

அப்போ ஆலையால் என்ன லாபம்?

லாபம் இருக்கிறது. ஆனால் அது ஆலையின் வாசலில் இல்லை, சம்பளம் வாங்கியவரின் பையில் இருக்கிறது.

திம்ஜேப்பள்ளியில் வேலை பார்க்கும் ஒருவர் தேன்கனிக்கோட்டையில் அறை எடுத்து, இங்கேயே மளிகை வாங்கி, இங்கேயே போன் வாங்கி, இங்கேயே வண்டி பதிவு செய்தால், அந்தச் செலவுகளின் மாநில வரி தமிழ்நாட்டுக்கு வரும். அதே ஆள் அத்திப்பள்ளிக்குக் குடிபோய்விட்டால் வேலை இங்கே, செலவு அங்கே. வரி கர்நாடகாவுக்கு.

ஆன்லைன் ஷாப்பிங்கிலும் இதே கதைதான். பெங்களூரு கிடங்கிலிருந்து வரும் பார்சலாக இருந்தாலும், டெலிவரி முகவரி தேன்கனிக்கோட்டை என்றால் மாநிலப் பங்கு தமிழ்நாட்டுக்கு. வசதிக்காக எலெக்ட்ரானிக் சிட்டி ஆபீஸ் முகவரிக்கு வரவழைத்தால் கர்நாடகாவுக்கு. ஒரு முகவரி மாற்றத்தில் வரி மாநிலம் தாண்டிவிடும்.

எல்லையில் இது வெறும் கற்பனைக் கணக்கில்லை. 2025 ஆகஸ்ட் 10-ல் பெங்களூரு மெட்ரோவின் மஞ்சள் தடம் ஆர்.வி. ரோடு முதல் பொம்மசந்திரா வரை திறக்கப்பட்டது. ஓசூரிலிருந்து கொஞ்ச தூரத்தில் மெட்ரோ. நல்ல சம்பளம் வாங்கும் ஒரு இளம் இன்ஜினியர் எந்தப் பக்கம் வீடு பார்ப்பார்? தண்ணீர் வருமா, பஸ் இருக்கா, பக்கத்தில் நல்ல ஆஸ்பத்திரி இருக்கா, பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் இருக்கா என்று பார்த்துத்தான் முடிவு செய்வார்.

அதனால்தான் எல்லையோர ஊர்களில் குடிநீருக்கும் பஸ்ஸுக்கும் செய்யும் செலவை வெறும் 'நலத்திட்டம்' என்று ஒதுக்க முடியாது. அது வரி வருமானத்தைத் தக்கவைக்கும் முதலீடு. வாழத் தகுந்த ஊராக இருந்தால் ஆள் இங்கேயே தங்குவார், வரியும் இங்கேயே தங்கும்.

சிக்கல் என்னவென்றால், ஊரை வாழத் தகுந்ததாக ஆக்கும் வேலை உள்ளாட்சியுடையது. ஜிஎஸ்டி போகும் இடமோ டெல்லியும் சென்னையும்.

சம்பளச் சீட்டில் ஒரு சின்ன வரி

உள்ளாட்சிக்கு நேராகப் போகும் வரி ஒன்று உங்கள் சம்பளச் சீட்டிலேயே இருக்கிறது. 'தொழில் வரி'. அரையாண்டுக்கு ஒருமுறை பிடிப்பார்கள். தொகை சின்னது என்பதால் பலர் கவனிப்பதில்லை.

தமிழ்நாட்டில் இந்த வரி மாநில அரசுக்குப் போவதில்லை. வேலை பார்க்கும் இடம் ஓசூர் மாநகராட்சிக்குள் இருந்தால் மாநகராட்சிக்கு. தேன்கனிக்கோட்டை பேரூராட்சிக்குள் இருந்தால் பேரூராட்சிக்கு. ஆலை ஒரு கிராம ஊராட்சிக்குள் இருந்தால் அந்த ஊராட்சிக்கு. தெருவிளக்கு, குப்பை, சாக்கடை, குடிநீர் குழாய் என்று நாம் தினமும் பார்க்கும் வேலைகளுக்கான சொந்தப் பணம் பெரும்பாலும் இதிலிருந்தும் சொத்து வரியிலிருந்தும்தான் வருகிறது.

ஆனால் இந்த வரிக்கு அரசியலமைப்பிலேயே ஒரு பூட்டு போட்டிருக்கிறார்கள். 276-வது பிரிவின்படி, ஒருவரிடம் ஆண்டுக்கு 2,500 ரூபாய்க்கு மேல் தொழில் வரி வாங்கக் கூடாது. முதலில் உச்சவரம்பு 250 ரூபாயாக இருந்தது. 1988-ல் 60-வது திருத்தம் மூலம் 2,500 ஆனது. அதன்பின் ஒரு ரூபாய்கூட ஏறவில்லை.

1988-ல் 2,500 ரூபாய் என்றால் என்ன? அப்போது ஏறக்குறைய அந்தப் பணத்துக்கு ஒரு சவரன் தங்கம் வாங்கலாம். இப்போது அதே பணத்துக்கு ஒரு கிராம்கூட வராது. சம்பளமும் விலைவாசியும் சாக்கடை கட்டும் செலவும் ஏறிவிட்டன. உச்சவரம்பு மட்டும் நின்ற இடத்திலேயே நிற்கிறது.

18 ஆயிரத்துக்கும் 2 லட்சத்துக்கும் ஒரே வரி

உச்சவரம்பு நகராததால் ஒரு விநோதம் நடக்கிறது. தமிழ்நாட்டில் தொழில் வரி அடுக்குகள் 1990-களின் இறுதியில் வகுக்கப்பட்டவை. அரையாண்டு வருமானம் 21,000 ரூபாய் வரை வரி இல்லை. 75,000 ரூபாயைத் தாண்டினால் உச்ச அடுக்கு. அதாவது மாதம் 12,500-க்கு மேல் வாங்கும் எல்லோரும் ஒரே அடுக்கில். அன்றைக்கு அது நல்ல சம்பளம். இன்றைக்கு ஆலையில் புதிதாகச் சேருபவரே அதைத் தாண்டிவிடுகிறார்.

உச்ச அடுக்குக்கு அரையாண்டுக்கு 1,250 ரூபாய், ஆண்டுக்கு 2,500 என்று வைத்துக்கொண்டு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

மாதம் 18,000 வாங்கும் ஆபரேட்டர்: ஆண்டு வருமானம் 2.16 லட்சம். தொழில் வரி 2,500. வருமானத்தில் சுமார் 1.16%.

மாதம் 2 லட்சம் வாங்கும் மேலாளர்: ஆண்டு வருமானம் 24 லட்சம். தொழில் வரி அதே 2,500. வருமானத்தில் சுமார் 0.1%.

சதவீதக் கணக்கில், ஆபரேட்டர் மேலாளரைப்போல 11 மடங்கு கட்டுகிறார். வருமான வரியில் இப்படி இல்லை. புதிய முறையில் 2025-26 முதல் 12 லட்சம் வரை வருமானம் உள்ளவர்களுக்கு வருமான வரியே இல்லை, மேலே போகப் போக விகிதம் ஏறும். அதனால் ஆபரேட்டர் வருமான வரி கட்டுவதில்லை. "வரியே கட்டாதவங்க" என்று சமூக வலைதளங்களில் கேலி செய்யப்படுவது இவரைத்தான். ஆனால் சோப்புக்கும் செருப்புக்கும் ஜிஎஸ்டி, பெட்ரோலுக்கு இரண்டு அரசுகளின் வரி, கூடவே தொழில் வரி என்று எல்லாம் கட்டுகிறார்.

இதை மாற்றச் சொல்லிப் பரிந்துரைகள் ஏற்கெனவே வந்துவிட்டன. 14-வது நிதி ஆணையம் உச்சவரம்பை 12,000 ரூபாயாக உயர்த்தச் சொன்னது. 15-வது நிதி ஆணையம் 18,000 என்றது. உயர்த்தினால் ஆபரேட்டர் அதிகம் கட்ட வேண்டும் என்று அர்த்தமில்லை. மேலே புதிய அடுக்குகள் போடலாம், கீழே இருப்பவர்களை விடுவிக்கலாம். 24 லட்சம் வாங்குபவர் 18,000 கட்டினாலும் அது வருமானத்தில் 0.75% தான். இதற்குத் தேவை அரசியலமைப்புத் திருத்தம். அந்தப் பேச்சு நாடாளுமன்றத்தில் சூடுபிடிக்கவில்லை.

உச்சவரம்பைத் தொடாமலேயே தமிழ்நாடு செய்யக்கூடிய ஒன்றும் இருக்கிறது. அடிமட்ட அடுக்கை உயர்த்துவது. அதற்கு டெல்லியைக் கேட்க வேண்டியதில்லை.

எல்லைக்கு அந்தப் பக்கம் என்ன நிலைமை?

ஓசூரிலிருந்து அத்திப்பள்ளியைத் தாண்டினால் தொழில் வரியின் விதி முழுக்க மாறிவிடும். கர்நாடகாவில் 2023 ஏப்ரல் முதல் மாதச் சம்பளம் 25,000 ரூபாய்க்குக் கீழே இருந்தால் தொழில் வரியே கிடையாது. அதற்கு மேல் மாதம் 200 ரூபாய். 2025-ல் செய்த திருத்தத்தின்படி பிப்ரவரி மாதம் மட்டும் 300. கூட்டினால் அங்கேயும் ஆண்டுக்கு 2,500.

ஆக, மாதம் 20,000 வாங்கும் இருவரை எடுத்துக்கொள்வோம். இருவருக்கும் வீடு தேன்கனிக்கோட்டை. ஒருவர் பொம்மசந்திராவுக்கு வேலைக்குப் போகிறார். தொழில் வரி பூஜ்யம். இன்னொருவர் ஓசூருக்குப் போகிறார். அவர் உச்ச அடுக்கில். பார்த்தால் கர்நாடகா நியாயமாகத் தெரியும்.

ஆனால் பணம் எங்கே போகிறது என்று பார்த்தால் படம் மாறும். கர்நாடகாவில் தொழில் வரி மாநில கஜானாவுக்குப் போகிறது. தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் உள்ளாட்சிக்குப் போகிறது. வரி கட்டுபவரிடம் கர்நாடகா இரக்கம் காட்டுகிறது, உள்ளாட்சிக்குத் தமிழ்நாடு அதிகாரம் கொடுக்கிறது. இரண்டில் ஒன்றைத்தான் எடுக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. வசூல் உள்ளாட்சியிடமே இருக்கட்டும், குறைந்த சம்பளக்காரருக்கு விலக்கும் இருக்கட்டும். இரண்டு மாநிலங்களிலும் பாதிப் பாதி இருக்கிறது, சேர்த்து வைக்கத்தான் ஆள் இல்லை.

ஆலை ஒரு ஊராட்சி, அறை இன்னொரு ஊராட்சி

தொழில் வரியிலும் ஒரு எல்லைப் பிரச்சினை உண்டு. மாநில எல்லை அல்ல, ஊராட்சி எல்லை. வரி வேலை பார்க்கும் இடத்துக்குப் போகும், தூங்கும் இடத்துக்கு இல்லை. ஆலைக் கட்டடத்தின் வீட்டு வரியும் அப்படித்தான். ஆலை நிற்கும் ஊராட்சிக்கு மட்டும். ஆலைத் தொழிலாளி அறை எடுத்திருப்பது பக்கத்துப் பேரூராட்சியில் என்றால், அவருடைய குப்பையை அள்ளுவதும் அவருக்குத் தண்ணீர் கொடுப்பதும் அந்தப் பேரூராட்சி. அவருடைய தொழில் வரியில் ஒரு பைசா அதற்குக் கிடைக்காது.

இந்த ஏற்றத்தாழ்வைச் சரிக்கட்ட மாநில அரசின் பகிர்வு இருக்கிறது. தமிழ்நாட்டின் சொந்த வரி வருவாயில் 10% உள்ளாட்சிகளுக்கு என்பது மாநில நிதி ஆணைய முறை. இதைப் பிரிப்பதில் மக்கள்தொகைக்குப் பெரிய பங்கு உண்டு. இங்கேதான் அடுத்த சிக்கல். கையில் இருக்கும் மக்கள்தொகைக் கணக்கு 2011-ல் எடுத்தது.

2011-ல் திம்ஜேப்பள்ளியில் ஐபோன் ஆலை இல்லை, போச்சம்பள்ளியில் ஸ்கூட்டர் ஆலை இல்லை. ஒடிசா, ஜார்கண்ட், அசாமிலிருந்து வந்து இங்கே தங்கியிருக்கும் இளைஞர்களில் பலர் அப்போது பள்ளிப் பிள்ளைகள். அவர்கள் இங்கே தண்ணீர் குடிக்கிறார்கள், இங்கே பஸ் ஏறுகிறார்கள், இங்கே வரி கட்டுகிறார்கள். நிதிப் பகிர்வுக் கணக்கில் மட்டும் இன்னும் அவர்கள் சொந்த ஊரில்தான் இருக்கிறார்கள்.

டெல்லிக்குப் போவது, திரும்பி வருவது

மத்திய வரிகளில் மாநிலங்களுக்கு 41% பங்கு என்று 15-வது நிதி ஆணையம் வகுத்தது. 2021-26 காலத்தில் அந்தப் பங்கில் தமிழ்நாட்டுக்கு 4.079%. 13-வது ஆணையத்தின் காலத்தில் இது 4.969% ஆக இருந்தது. கர்நாடகாவுக்கு 14-வது ஆணையத்தில் 4.713% இருந்தது, 15-வதில் 3.647% ஆனது. எல்லையின் இரண்டு பக்கமும் ஒரே புகார் எழுவது இதனால்தான்.

காரணம், 15-வது ஆணையத்தின் பகிர்வுச் சூத்திரத்தில் 45% எடை 'வருமான இடைவெளி'க்கு இருந்தது. ஏழை மாநிலங்களுக்கு அதிகம் கிடைக்க வேண்டும் என்பது அதன் நோக்கம். அதில் நியாயம் இருக்கிறது. பீகாரில் பிறந்த குழந்தைக்கும் பள்ளிக்கூடம் வேண்டும். அந்தக் குழந்தைதான் வளர்ந்து ஓசூரில் வேலைக்கு நிற்கிறது. ஆனால் ஒழுங்காக வரி வசூலிக்கும் முயற்சிக்கு அதே சூத்திரத்தில் 2.5% எடைதான் இருந்தது.

இதைவிடக் கவனிக்க வேண்டியது, பகிரவே தேவையில்லாத வரிகள். செஸ், சர்சார்ஜ் ஆகியவற்றில் மாநிலங்களுக்குப் பங்கு கிடையாது. பெட்ரோல் நல்ல உதாரணம். 2025 ஏப்ரல் உயர்வுக்குப் பிறகு ஒரு லிட்டர் பெட்ரோல் மீதான மத்தியக் கலால் வரி 21.90 ரூபாயாக இருந்தது. இதில் மாநிலங்களுடன் பகிர வேண்டிய அடிப்படைக் கலால் வெறும் 1.40 ரூபாய். மீதி பெரும்பாலும் செஸ், சிறப்புக் கூடுதல் வரி என்ற பெயர்களில் டெல்லியிலேயே தங்கும். ஓசூர் பங்க்கில் 2 லிட்டர் போட்டால் மாநிலங்கள் அனைத்துக்குமான பொதுப் பானைக்குப் போவது 2.80 ரூபாய், அதிலும் 41% தான் மாநிலங்களுக்கு.

அதற்காகச் சென்னை கையைக் கட்டிக்கொண்டு நிற்கவில்லை. தமிழ்நாடும் பெட்ரோலுக்கு 13%-உடன் லிட்டருக்கு 11.52 ரூபாய் சேர்த்து வாங்குகிறது. பைக்கில் வேலைக்குப் போகும் ஆபரேட்டருக்கும் காரில் போகும் மேலாளருக்கும் லிட்டருக்கு அதே வரிதான்.

செலவு பக்கம்: எது முதலீடு, எது கடன்?

வரி நியாயமாக இருந்தால் மட்டும் போதாது. செலவும் பொறுப்பாக இருக்க வேண்டும். தமிழ்நாட்டின் 2025-26 பட்ஜெட் மதிப்பீட்டைப் பாருங்கள். மொத்த வருவாய் வரவு சுமார் 3.32 லட்சம் கோடி ரூபாய். இதில் மாநிலத்தின் சொந்த வரி மட்டும் சுமார் 2.21 லட்சம் கோடி. அதாவது மூன்றில் இரண்டு பங்கு. மத்திய வரிப் பங்கு சுமார் 58,000 கோடி.

நிதிப் பற்றாக்குறை சுமார் 1.07 லட்சம் கோடி. இதுதான் ஏறக்குறைய அந்த ஆண்டு கடன் வாங்க வேண்டிய தொகை. அதில் வருவாய்ப் பற்றாக்குறை 41,635 கோடி. புரியும்படி சொன்னால், வாங்கும் கடனில் ஒவ்வொரு ரூபாயிலும் சுமார் 39 காசு சம்பளம், ஓய்வூதியம், வட்டி, மானியம் போன்ற அன்றாடச் செலவுக்குப் போகிறது. வீடு கட்டக் கடன் வாங்கலாம், மளிகைக்குக் கடன் வாங்கினால் அடுத்த மாதமும் வாங்க வேண்டியிருக்கும்.

அதே நேரம், அன்றாடச் செலவு எல்லாமே வீண் என்று சொல்லிவிட முடியாது. 2021 மே மாதம் தொடங்கிய மகளிர் இலவசப் பஸ் பயணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கணக்குப் புத்தகத்தில் அது மானியம். ஆனால் டவுன் பஸ் ஓடும் தடத்தில் ஒரு பெண் தினமும் காசில்லாமல் வேலைக்குப் போய்வர முடியும் என்றால், 'பஸ் செலவு போக என்ன மிஞ்சும்' என்று தயங்கியவரும் வேலைக்குக் கிளம்புவார். சம்பளம் வரும், செலவு வரும், வரியும் வரும். ஆனால் ஷிப்ட் முடியும் நேரத்தில் பஸ் இல்லை என்றால் இலவசம் இருந்தும் பயனில்லை. டிக்கெட் விலையைவிட டைம் டேபிள் முக்கியம்.

நல்ல முதலீட்டுக்கு இந்தப் பகுதியிலேயே உதாரணம் இருக்கிறது. தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். பல்லில் கறை, எலும்பில் வலி என்று தலைமுறைகள் அவதிப்பட்டன. ஜப்பானின் ஜைக்கா கடனுதவியுடன் சுமார் 1,928 கோடி ரூபாயில் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் கட்டப்பட்டு, 2013 மே மாதம் தொடங்கிவைக்கப்பட்டது. 2008-ல் அடிக்கல் நாட்டியது ஒரு ஆட்சி, திறந்தது இன்னொரு ஆட்சி. கடன் வாங்கித்தான் கட்டினார்கள். ஆனால் அது பல பத்தாண்டுகள் நிற்கும் சொத்து.

ஆனால் பெரிய குழாயை அரசு கொண்டுவந்து விட்டுவிடும். அங்கிருந்து தெருவுக்குத் தண்ணீர் கொடுப்பதும், மோட்டாருக்குக் கரண்ட் பில் கட்டுவதும், டேங்க் ஆபரேட்டருக்குச் சம்பளம் கொடுப்பதும், குடிநீர் வாரியத்துக்குத் தண்ணீர்க் கட்டணம் கட்டுவதும் உள்ளாட்சிதான். இவ்வளவு பெரிய திட்டத்தின் பலன் கடைசியில் ஒரு ஊராட்சியின் பலவீனமான பணப்பையைத் தாண்டித்தான் வீட்டுக் குழாய்க்கு வர வேண்டும்.

சொத்து வரி ஏறியது ஏன்?

2022 ஏப்ரலில் நகர்ப்புறங்களில் சொத்து வரி உயர்ந்தது நினைவிருக்கும். சென்னை தவிர்த்த மாநகராட்சிகளில், ஓசூர் உட்பட, 600 சதுர அடிக்குக் குறைவான வீடுகளுக்கு 25%, 601 முதல் 1,200 வரை 50%, 1,201 முதல் 1,800 வரை 75%, அதற்கு மேல் 100% உயர்வு. சொத்து வரியின் குறைந்தபட்ச விகிதத்தை அறிவித்து, மாநிலப் பொருளாதார வளர்ச்சிக்கு ஏற்ப வசூலை உயர்த்தினால்தான் நகர உள்ளாட்சிகளுக்கு மானியம் என்று 15-வது நிதி ஆணையம் போட்ட நிபந்தனை அதற்கு ஒரு காரணம்.

உயர்வு வலித்தது உண்மை. ஆனால் அதன் வடிவத்தைக் கவனியுங்கள். சின்ன வீட்டுக்குக் குறைவு, பெரிய வீட்டுக்கு அதிகம். தொழில் வரியில் இல்லாத ஏறுமுகம் இங்கே இருக்கிறது. "முதல்ல வேலையைக் காட்டுங்க, அப்புறம் வரியைக் கேளுங்க" என்று மக்கள் சொல்வதிலும் நியாயம் உண்டு. வரிக்கும் வேலைக்கும் இடையில் நம்பிக்கை வர வேண்டுமானால், கணக்கு கண்ணுக்குத் தெரிய வேண்டும். கணக்குச் சொல்ல ஒரு ஆள் வேண்டும்.

கணக்குச் சொல்ல யார் இருக்கிறார்கள்?

கிருஷ்ணகிரி உள்ளிட்ட 27 மாவட்டங்களில் ஊரக உள்ளாட்சித் தேர்தல் 2019 டிசம்பரில் நடந்தது. தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதியுடன் முடிந்தது. அதன்பின் கெலமங்கலம், தளி ஒன்றியங்களின் ஊராட்சிகள் உட்பட எல்லாம் தனி அலுவலர்கள் கைக்குப் போயின. இது முதல் தடவையும் இல்லை. 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்தபோதும் மூன்று ஆண்டுகளுக்கு மேல் இதே நிலைதான்.

தனி அலுவலர் வேலை செய்யமாட்டார் என்பதல்ல. அவர் பதில் சொல்ல வேண்டியது மேலதிகாரிக்கு. வார்டு உறுப்பினரோ பதில் சொல்ல வேண்டியது பக்கத்து வீட்டுக்காரருக்கு. நிதி ஆணைய மானியமும் முறையாக அமைந்த உள்ளாட்சிகளுக்குத்தான் என்பது விதி. ஊரக மானியத்தில் 60% குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் என்று ஒதுக்கப்பட்டது. தேர்தல் தள்ளிப்போனால் குரல் மட்டுமல்ல, குழாய்க்கான பணமும் ஆபத்தில்.

நீங்கள் என்ன செய்யலாம்?

முதலில், சம்பளச் சீட்டைத் திறந்து தொழில் வரி எவ்வளவு, எந்த உள்ளாட்சிக்குக் கட்டப்படுகிறது என்று எச்ஆர் பிரிவிடம் கேளுங்கள். அது நீங்கள் நேரடியாகக் கணக்குக் கேட்கும் உரிமையுள்ள பணம்.

இரண்டாவது, கிராம சபை. தமிழ்நாட்டில் ஆண்டுக்கு 6 முறை நடக்கிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. பாதிக்கு மேல் விடுமுறை நாட்கள்தான். வரவு செலவுக் கணக்கை அங்கே கேட்கலாம். ஊராட்சிகளின் செலவு விவரங்கள் 'இ-கிராம் ஸ்வராஜ்' தளத்திலும் இருக்கின்றன, போனிலேயே பார்க்கலாம். அதில் இல்லாததற்கு 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது.

மூன்றாவதுதான் மிக முக்கியம். அடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் குறிப்பு நாள் 2027 மார்ச் 1. ஆட்களை எண்ணும் பணி அந்த பிப்ரவரியில். அதில் நீங்கள் வழக்கமாக வசிக்கும் இடத்தில்தான் எண்ணப்பட வேண்டும், ரேஷன் கார்டு இருக்கும் சொந்த ஊரில் அல்ல. வாடகை அறையில் இருந்தாலும், விடுதியில் இருந்தாலும், வேற மாநிலத்திலிருந்து வந்திருந்தாலும் இதுதான் விதி. மேல்மாடி ஷெட்டில் நான்கு பேர் தங்கியிருந்தால், நான்கு பேரும் கணக்கில் வர வேண்டும்.

அந்தக் கணக்கை வைத்துத்தான் அடுத்த பல ஆண்டுகளுக்குத் தேன்கனிக்கோட்டைக்கு எத்தனை பேருக்கான தண்ணீர், எத்தனை பேருக்கான சாக்கடை என்று சென்னையிலும் டெல்லியிலும் முடிவாகும். ஆலைக்குள் எத்தனை பேர் போகிறார்கள் என்று கம்பெனிக்குத் தெரியும். ஊருக்குள் எத்தனை பேர் வாழ்கிறார்கள் என்று அரசுக்கும் தெரிந்தாக வேண்டும்.